சீனம் படிக்கப் போகிறீர்களா? எந்தச் சீனம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"சீன மொழி படிக்கலாம் என்று இருக்கிறேன், மாண்டரினா, கான்டனீஸா?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், இரண்டும் ஒரே மொழியின் இரண்டு வழக்குகள், ஒன்றைப் பிடித்துவிட்டால் மற்றது தானாக ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறார்கள். ஒட்டிக்கொள்ளாது. பெய்ஜிங்கில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஹாங்காங் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பக்கத்து மேசைப் பேச்சைக் கேட்டால், முன்பே பழகியிராவிட்டால், அவர் காதில் பிடிபடுவது அங்கொன்றும் இங்கொன்றுமான சொற்கள்தான். சென்னைத் தமிழுக்கும் நெல்லைத் தமிழுக்கும் உள்ள இடைவெளி இல்லை இது, தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ளதைவிடவும் அகலமானது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரோடு பேசப் போகிறோம் என்று இன்னும் தெரியாதவர்கள் மாண்டரின் படியுங்கள்; தெரிந்தவர்கள், அந்த ஆட்கள் வீட்டில் எதைப் பேசுகிறார்களோ அதைப் படியுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. சீனாவில் இவற்றை 'ஃபாங்யான்' என்கிறார்கள், அதாவது ஓர் இடத்தின் பேச்சு. அதை வெளியுலகம் 'வட்டார வழக்கு' என்று எடுத்துக்கொண்டது. எழுதும்போது எல்லோரும் ஏறத்தாழ ஒரே எழுத்துமொழியைப் பயன்படுத்துவதால் இந்தப் பெயர் நிலைத்தும் விட்டது. ஆனால் 1980களின் இறுதியில் வெளிவந்த சீன மொழி நிலப்படத் தொகுப்பு 10 பெருங்குழுக்களைக் காட்டுகிறது: மாண்டரின், ஜின், வூ, ஹுய், கான், சியாங், மின், யூவே, பிங்ஹுவா, ஹக்கா. கான்டனீஸ் என்பது யூவே குழுவின் தலைமகன், ஹொக்கியன் மின் குழுவுக்குள் ஒரு கிளை, ஷாங்ஹாய்ப் பேச்சு வூ குழுவைச் சேர்ந்தது. மின் குழுவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் புரியாத பேச்சுகள் பல. ஃபூஜியன் மாகாணத்தில் ஒரு மலையைத் தாண்டினால் பேச்சு மாறிவிடும்.

இது எப்படி இப்படி ஆனது என்று தெரிந்தால் தேர்வு செய்வது சுலபமாகிவிடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மிகப் பழைய சீனத்தில் தொனிகளே (ஒரே அசையின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்) இல்லை, சொல்லின் கடைசியில் நின்ற சில மெய்கள் தேய்ந்து போனபோது அவை விட்டுச்சென்ற தடம்தான் தொனியாக மாறியது என்பது இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கும் கருத்து. பொ.ஆ. 601இல் லூ ஃபாயான் என்பவர் தொகுத்த எதுகை அகராதி, அன்றைய படித்தவர்களின் உச்சரிப்பை ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நான்கு தொனிகள், சொல்லிறுதியில் ப், த், க், ம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதன்பின் வடக்கு வேகமாக மாறியது. 1324இல் வந்த வடபுலத்து எதுகை நூலைப் பார்த்தால் அந்த ப்-த்-க் சொற்கள் தனி வகையாக இல்லாமல் மற்றத் தொனிகளுக்குள் கலந்துவிட்டன. போருக்கும் பஞ்சத்துக்கும் பயந்து அலை அலையாகத் தெற்கே போனவர்களின் பேச்சில் அவை தங்கிவிட்டன. மின் பேச்சுகளோ அந்த 601 அகராதி காட்டும் மொழிக்கும் முன்பே பிரிந்து போனவை என்பதால் அவற்றில் இன்னும் பழைய சரக்கு கிடக்கிறது.

ஒரே ஒரு இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, 'ஆம், அதுதான்' என்ற ஆறு பொருள்களுக்கும் கான்டனீஸில் 'சி' என்பதே சொல், ஆனால் ஆறும் ஆறு வெவ்வேறு தொனி, காது பழகிவிட்டால் குழப்பமே வராது. இதே ஆறையும் மாண்டரினில் சொன்னால் எல்லாம் 'ஷி'. அங்கே இருப்பது நான்கு தொனிகள்தான் என்பதால் முயற்சியும் சந்தையும் 'ஆம்'மும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. அப்புறம் 'பத்து' என்ற எண்: கான்டனீஸில் அது 'சாப்', உதடு மூடி நிற்கும், மாண்டரினில் அந்த 'ப்' உதிர்ந்து அதுவும் 'ஷி' ஆகி, தொனியும் சேர்ந்து 'நேரம்' என்ற சொல்லோடு ஒன்றாகிவிட்டது. இப்படி ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததை ஈடுகட்டத்தான் மாண்டரின் இரட்டைச் சொற்களை ஏராளமாகச் சேர்த்துக்கொண்டது: நேரம் 'ஷிஜியென்', சந்தை 'ஷிச்சாங்', வரலாறு 'லிஷி'. ஒலி எளிதானது, சொல் நீண்டது. மாண்டரின் சுலபமா, கான்டனீஸ் சுலபமா என்ற சண்டைக்கு இதிலேயே விடை இருக்கிறது, உழைப்பு வேறு வேறு இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் இரண்டையும் மிகக் கடினமான பிரிவிலேயே வைத்து, இரண்டுக்கும் 2,200 மணி நேர வகுப்பு என்றே கணக்கிடுகிறது.

மாண்டரினை எடுப்போம். சீன மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாண்டரின் குழுவின் ஏதோ ஒரு பேச்சுதான் தாய்மொழி. ஆனால் வகுப்பில் நமக்குச் சொல்லித் தருவது அது அப்படியே இல்லை, 'பூதோங்ஹுவா' என்கிற பொதுமொழி. 1913இல் கூடிய உச்சரிப்பு மாநாடு வடக்கையும் தெற்கையும் சமாதானப்படுத்தி, யாரும் வீட்டில் பேசாத ஒரு கலப்பு உச்சரிப்பை வாக்கெடுத்து முடிவு செய்தது. அதைத் தாய்மொழியாகப் பேச ஆள் கிடைக்காமல், 1932இல் பெய்ஜிங் உச்சரிப்பையே அடிப்படையாக்கினார்கள். 1956இல் மக்கள் சீன அரசு அதையே உறுதி செய்தது, 1958இல் பின்யின் என்ற ரோமன் எழுத்து முறை வந்தது. 2020இல் சீனக் கல்வி அமைச்சு கொடுத்த கணக்குப்படி நாட்டில் 80.72 சதவீதம் பேருக்குப் பொதுமொழி தெரியும். ஆக, சீனாவில் எந்த ஊருக்குப் போனாலும், தைவான் போனாலும், சிங்கப்பூர் போனாலும் இதை வைத்து வேலையை முடிக்கலாம். எச்எஸ்கே என்ற மாண்டரின் தகுதித் தேர்வு இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, ப்ளெகோ மாதிரி நல்ல அகராதிச் செயலி இருக்கிறது, எந்த நேரத்திலும் இணையத்தில் ஆசிரியர் கிடைப்பார். வேறெந்தச் சீனத்துக்கும் இந்த வசதி கிடையாது, பக்கத்தில்கூட வராது.

தமிழ் பேசும் வாய்க்கு மாண்டரினில் இரண்டு நல்ல செய்திகள். பின்யினில் b, d, g என்ற ரோமன் எழுத்துகளைப் பார்த்தவுடன் ஆங்கிலப் பழக்கத்தில் நாம் 'பந்து', 'டப்பா', 'கஜம்' என்ற சொற்களின் முதலெழுத்து மாதிரி அதிரவிட்டுச் சொல்லிவிடுகிறோம்; அது தவறு. 'பல்', 'கல்' என்னும்போது நம் வாயில் வருகிற மூச்சில்லாத, அதிராத ப, க தான் அங்கே வேண்டியது. அதே இடத்தில் மூச்சை ஊதிச் சொன்னால் அது வேறு எழுத்து, வேறு சொல். இந்த ஊதலைத்தான் நாம் தனியாகப் பழக வேண்டும், தமிழில் அது இல்லை. இரண்டாவது செய்தி ழகரம். மாண்டரினின் 'ஆர்' ஒலிக்கு நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று மற்ற நாட்டு மாணவர்கள் திண்டாடுவார்கள், நமக்கு 'பழம்' சொல்லத் தெரிந்தால் போதும், அந்த இடம் கிட்டத்தட்ட அதுதான். மேலே சொன்ன 'ஷி'யையும் சுத்தமான இகரத்தில் முடிக்காமல் நாக்கை ழகரத்துக்கு மடித்த நிலையிலேயே இழுத்தால் சரியாக வரும்.

மாண்டரினின் குறை என்னவென்றால், வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வகுப்பில் கேட்ட மொழி எல்லா இடத்திலும் கேட்காது. சீனாவில் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது வயதான நோயாளி எங்கே வலிக்கிறது என்பதை ஊர்ப் பேச்சில்தான் சொல்வார், சிச்சுவானில் ஒரு மாதிரி, ஹூபேயில் ஒரு மாதிரி. இவையெல்லாம் மாண்டரின் குழுவுக்குள்ளேயே இருப்பவை, தொனி மட்டும் ஊருக்கு ஊர் புரண்டு கிடக்கும். பொதுமொழி நன்றாக வந்துவிட்டால் சில மாதங்களில் காது பழகும். ஹூனானுக்கோ ஜியாங்சிக்கோ போனால் அப்படிச் சொல்ல முடியாது, அங்கே பல இடங்களில் சியாங்கும் கானும்.

கான்டனீஸ் படிக்கச் சொல்வது யாருக்கு? ஹாங்காங், மக்காவ், கோலாலம்பூர், ஈப்போ. இந்த ஊர்களில் குடியிருக்கப் போகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஹாங்காங்கில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அன்றாடம் பேசுவது இதுதான்; ஆங்கிலத்தை வைத்து அலுவலகத்தில் காலம் தள்ளலாம், ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடம், சந்தை, மாடி வீட்டுக்காரர் என்று வரும்போது கான்டனீஸ் தெரியாத குடும்பம் ஒதுங்கியே நிற்க வேண்டியதாகிறது. மாண்டரினில் பேசினால் புரிந்துகொள்வார்கள், பதிலும் சொல்வார்கள். அது வெளியூர்க்காரருக்குச் சொல்கிற பதில்.

குவாங்சோவுக்கு வியாபாரத்துக்குப் போகிறவர்கள் நிலை வேறு. கான்டனீஸின் தாய்வீடு அதுதான்; 2010 ஜூலையில் உள்ளூர்த் தொலைக்காட்சியை மாண்டரினுக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை கிளம்பியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் மொத்த வியாபாரக் கடைகளில் இருப்பவர்கள் நாடு முழுவதிலுமிருந்து வந்தவர்கள், பேரம் மாண்டரினில்தான் நடக்கும். ஷென்சென் இன்னும் தெளிவு: குவாங்தோங் மாகாணத்துக்குள் இருந்தாலும் அது குடியேறியவர்களின் நகரம், மாண்டரின் போதும்.

கான்டனீஸில் கற்பவரைச் சோதிப்பது தொனி மட்டும் இல்லை, எழுத்தும் பேச்சும் வேறு வேறாக இருப்பது. ஹாங்காங் பிள்ளை பள்ளியில் எழுதுவது மாண்டரின் இலக்கணத்திலுள்ள எழுத்துச் சீனம், அதையே கான்டனீஸ் உச்சரிப்பில் வாசிக்கும்; வாயால் பேசுவதோ வேறு. 'இல்லை', 'அவன்', 'உடைய' போன்ற அடிப்படைச் சொற்களே வேறு. வாட்ஸ்அப்பிலும் விளம்பரத்திலும் பேச்சை அப்படியே எழுதுகிறார்கள், அதற்கென்றே தனி எழுத்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனியாக ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சியாக இருக்காது என்பது என் எண்ணம். பாடநூல் வாங்கும்போது ஜ்யூட்பிங் என்ற ரோமன் எழுத்து முறையில் உச்சரிப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993இல் கொண்டுவந்த முறை அது, அகராதிகளிலும் விசைப்பலகையிலும் அதுவே நடக்கிறது. இன்னொன்று, நூலில் 'நெய்' என்று இருக்கும் 'நீ', தெருவில் 'லெய்' என்று கேட்கும். சொல் முதலில் வரும் ஙகரமும் இளையவர்கள் வாயில் உதிர்ந்துவிட்டது. வாத்தியார்கள் இதைச் சோம்பேறி உச்சரிப்பு என்று திட்டுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாண்டரினுக்கு ப்-த்-க் உதிர்ந்தது எப்படியோ அப்படித்தான் இதுவும், மொழி நகர்கிறது.

ஹொக்கியனைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் யாரும் இதைப் பரிந்துரைப்பதில்லை, தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான சீனமும் இல்லை. இது தெற்கு ஃபூஜியனின் மொழி. அங்குள்ள ச்சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டி, 1281இல் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள், கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது. பின்னாளில் அதே கரையிலிருந்து கப்பலேறியவர்கள்தான் தைவானிலும் பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் குடியேறினார்கள். பினாங்கில் பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் ஹொக்கியன் சரளமாகப் பேசும் தமிழர்கள் உண்டு. பினாங்கு ஹொக்கியன் தெற்கு ஃபூஜியனின் சாங்சோ ஊர்ப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது, மலாய்ச் சொற்களை ஏகத்துக்கும் சேர்த்துக்கொண்டது: காசுக்கு 'லுய்', கல்லுக்கு 'பாத்து', 'ஆனால்' என்பதற்கு 'தாப்பி', போலீஸுக்கு 'மாத்தா'. மலாய் தெரிந்த மலேசியத் தமிழருக்குப் பாதித் தூரம் முன்பே கடந்த மாதிரி.

இலக்கணத்திலும் ஒரு சொந்தம். நாம், நாங்கள் என்று கேட்பவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் பிரித்துச் சொல்வதை மற்ற மொழிக்காரர்களுக்குப் புரியவைக்க நாம் எவ்வளவு பாடுபடுகிறோம். ஹொக்கியனில் 'லான்' என்றால் நாம், 'குவான்' என்றால் நாங்கள். கான்டனீஸில் இந்தப் பிரிவு இல்லை, மாண்டரினில் வடக்கத்தியர் பேச்சில் இருந்தாலும் பாடநூல் பெரும்பாலும் ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடும். அடுத்து மூக்கொலி. 'மரம்', 'வந்தான்' என்று எழுதிவிட்டு, பேசும்போது கடைசி மெய்யை விழுங்கி உயிரை மூக்கால் விடுகிறோமே, அதே ஒலிதான் ஹொக்கியனில் மூன்று என்ற எண்ணில் வரும் 'சா'. சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ஏழு தொனிகள், அதோடு தொனி மாற்றம். சொற்றொடரின் கடைசி அசை மட்டும் தன் சொந்தத் தொனியில் நிற்கும், அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் வேறு தொனிக்கு மாறிவிடும், இது விதிவிலக்கு இல்லை, ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியத்திலும் நடப்பது. தொனியைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் இங்கே தோற்றுப்போவார்கள். முழுத் தொடராகக் கேட்டு, முழுத் தொடராகத் திருப்பிச் சொல்வதுதான் வழி. பிறகு, ஒரே எழுத்துக்கு இரண்டு வாசிப்பு: ஒன்று வழிவழி வந்த பேச்சு, மற்றது பின்னாளில் படிப்பின் வழியாக வடக்கிலிருந்து வந்து சேர்ந்தது. பத்து என்பது எண்ணும்போது 'சாப்', ஏட்டு வாசிப்பில் 'சிப்'. தைவானில் தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது இந்த ஏட்டு வரிசை வந்துவிடும். எழுதுவதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவ ஊழியர்கள் ரோமன் எழுத்து முறை ஒன்றை வகுத்தார்கள், தைவானில் 1885இல் அதில் செய்தித்தாளே வந்தது, இன்றும் கற்பதற்கு நல்ல வழி அதுதான். நூல்கள் பெரும்பாலும் தைவான் வழக்கில் இருக்கும், பினாங்குக்கோ கிள்ளானுக்கோ படிக்கிறவர்கள் உள்ளூர் ஆளை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மற்றவை சீக்கிரம். ஷாங்ஹாய்ப் பேச்சு அழகானது, அதிரும் மெய், அதிராத மெய், ஊதும் மெய் என்ற பழைய மூன்று வரிசையையும் காப்பாற்றி வைத்திருக்கிறது, ஆனால் அந்த ஊரிலேயே வளரும் பிள்ளைகள் பலர் மாண்டரினுக்கு மாறிவிட்டார்கள். மனைவியோ கணவரோ அந்த ஊர்க்காரராக இருந்தால் ஒழிய நான் சொல்ல மாட்டேன். ஹக்கா மலேசியாவின் சபாவுக்கும் கொல்கத்தாவில் சீனர்கள் வாழும் டாங்ராவுக்கும் உதவும். தியோச்சியூ ஹொக்கியனுக்குப் பக்கத்துப் பேச்சு, ஹொக்கியன் வந்தபின் கிட்டத்தட்டப் பாதி பிடிபடும்.

எழுத்தில் எளிதாக்கிய வடிவமா, மரபு வடிவமா என்று இன்னொரு தேர்வு வரும். சீனா 1956இல் எளிதாக்கும் திட்டத்தை அறிவித்தது, சிங்கப்பூரும் மலேசியாவும் அதைப் பின்பற்றின. தைவானும் ஹாங்காங்கும் மக்காவும் மரபு எழுத்திலேயே நிற்கின்றன. இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போகும் ஊர் எதை எழுதுகிறதோ அதை எடுங்கள், ஒன்றில் நன்றாக வாசிக்க வந்தபின் மற்றதற்குப் பழக சில மாதங்கள் போதும். பேச்சுத் தேர்வில் தவறினால் வருடங்கள் போகும், எழுத்துத் தேர்வில் அப்படி இல்லை.

இரண்டு மொழி வேண்டும் என்பவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் மாண்டரினை வாசிக்கும் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு கான்டனீஸுக்கோ ஹொக்கியனுக்கோ போனால் எழுத்துச் சுமை குறையும், சொல் ஒப்புமைகளும் கைகொடுக்கும். ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. மாண்டரின் தெரிந்தவரைப் பார்த்தால் கான்டனீஸ்காரரும் ஹொக்கியன்காரரும் மரியாதைக்காக மாண்டரினுக்கு மாறிவிடுவார்கள், உங்களுக்குப் பேசப் பழக வாய்ப்பே கிடைக்காது. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வாழ்கிறவர் மாண்டரினைத் தள்ளிவைத்துவிட்டு நேராக உள்ளூர்ப் பேச்சில் இறங்குவதே நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

காலமும் ஒரு காரணம். சிங்கப்பூரில் லீ குவான் யூ 1979 செப்டம்பரில் மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கினார், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியனும் கான்டனீஸும் ஒதுக்கப்பட்டன. 2020 கணக்கெடுப்பில் சீன 'வழக்குகளை' வீட்டில் முதன்மையாகப் பேசுவோர் 8.7 சதவீதம்தான், மாண்டரின் 29.9, ஆங்கிலம் 48.3. பாட்டியோடு பேரன் பேச மொழியில்லாமல் போன வீடுகள் அங்கே நிறைய, இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மலேசியாவிலும் சீனப்பள்ளிகள் மாண்டரின் வழியில் நடப்பதால் அதே திசையில்தான் போகிறது. மாண்டரின் வகுப்பு பத்து வருடம் கழித்தும் இருக்கும். ஹொக்கியனில் பொறுமையாகத் திருத்திச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள் அப்போது எத்தனை பேர் இருப்பார்களோ.

பினாங்கில் தொடங்குகிறவர்கள் காலைச் சந்தையில் தொடங்குங்கள். விலை கேட்கப் பேச்சு வரிசை எண்கள் போதும், ஏட்டு வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காய்கறிகளின் பெயரைக் கடைக்காரரிடமே கேட்டு, அவர் சொல்வதை அனுமதியோடு போனில் பதிவு செய்து, வீட்டில் தொடராகத் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். அவர் மாண்டரினுக்கு மாறினாலும் நீங்கள் மாறாதீர்கள்.